ஒரு ரிஜெக்ட் கூட இல்லை

எங்கள் கைடு பீமராவ் சாரிடம் இருந்தது ஒரே மாவு. அதில் இட்லி ஊற்றுவார், தோசை ஊற்றுவார், மிச்சத்தைப் பணியாரமும் ஆக்குவார். மாவின் பெயர் டீப் லேர்னிங். வாழை இலைப் படத்தைக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் மெஷின், கண்ணைப் படமெடுத்தால் சர்க்கரை பாதித்திருக்கிறதா என்று சொல்லும் மெஷின், நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துக் காசநோயா என்று சொல்லும் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. மாவாட்டியது நான்.

திருச்சிக்கு வெளியே, பெரிய கேட்டும் சிறிய லைப்ரரியும் கொண்ட ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம். பிஹெச்.டி.க்குச் சேர்ந்தபோது மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். ஏழு முடிந்துவிட்டது. ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்குப் போகும்போதெல்லாம் சார் கருணையோடு பார்ப்பார். "அறிவுமதி, நீ போயிட்டா லேப்பை யாரும்மா பாத்துக்குவாங்க? இந்த ஒரு பேப்பரை மட்டும் முடிச்சிட்டுப் போயிடு" என்பார். அந்த ஒன்று முடிந்ததும் இன்னொரு ஒன்று வரும். கைடை மாற்றலாம் என்றால் அதற்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

திருவானைக்காவலில் எங்கள் வீடு. உச்சிக்கால பூஜைக்குப் போனால் பிரகாரத்தில் பார்ப்பவர்கள் எல்லாம் "பொண்ணு இன்னுமா படிக்குது?" என்று கேட்கிறார்கள் என்று அம்மா அந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டாள். சென்னையில் ஒரு கல்லூரி, பட்டம் கையில் இருந்தால் ஜூனில் வேலைக்குச் சேரலாம் என்று சொல்லியிருந்தது. எனக்கு அந்த வேலைகூடப் பெரிதில்லை. வெளியே போக வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி தோசை வெல்டிங். அரியமங்கலத்தில் ஹனீஃபா பாயின் பட்டறையில், பெரிய சமையற்கூடங்களுக்கான நீராவி பாய்லர் செய்கிறார்கள். பற்றவைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று வீரமலை என்பவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பழுது தெரிந்தால் மஞ்சள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவார். அந்த ஃபிலிம்களை நான் வாங்கி வந்து, வட்டங்களைத் துடைத்துவிட்டு, ஸ்கேன் செய்து மெஷினுக்குப் பழக்கினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. சார் பூரித்துப்போய் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அதற்கு முந்தின வாரம் வினை வந்தது. மெஷின் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது என்று சிவப்பு நிறத்தில் காட்டும் வழி ஒன்று உண்டு. ஸ்லைடு அழகாக இருக்குமே என்று அதைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு, விரிசலின் மேல் விழவில்லை. விரிசலைச் சுற்றி, வீரமலை வட்டம் போட்ட தடத்தில் விழுந்தது. நான் துடைத்தபோது கண்ணுக்கு மறைந்துவிட்ட மஞ்சள், ஸ்கேனருக்கு மறையவில்லை. சந்தேகத்தோடு நல்ல ஃபிலிம் ஒன்றில் வட்டம் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். பழுது என்றது. வீரமலை வட்டம் போட மறந்து ஒதுக்கியிருந்த, விரிசல் விழுந்த ஃபிலிம் ஒன்றைக் கொடுத்தேன். நல்லது என்றது. வீரமலை ஏற்கெனவே கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்கிற மெஷினை நான் செய்திருந்தேன்.

சாரின் அறைக்கு ஓடினேன். முழுக்கக் கேட்டுவிட்டு டீயை ஒரு வாய் குடித்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப தெரிய வேணாம். இப்பச் சொன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். புது ஃபிலிம், புது டேட்டா, இன்னும் மூணு வருஷம். உனக்கும் வயசாகுது. இது பேப்பர்ல இருக்குற மெஷின்தானேம்மா, யார் குடியைக் கெடுக்கப்போகுது? டாக்டராயிட்டு வா, உக்காந்து திருத்திக்கலாம்."

புலிவாலைப் பிடித்தவள் நிலைமைதான். விட்டால் கடிக்கும், விடாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சரி சார் என்றேன். வெட்கமாக இருந்தது. வெளியே போகப்போகிறோம் என்று சந்தோஷமாகவும் இருந்தது.

வைவா என்பது பொதுச் சபை. யார் வேண்டுமானாலும் வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி. அதனால் யார் எதைக் கேட்க வேண்டும் என்று முன்னமே பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம். என் ஜூனியர் பிரவீன்ராஜுக்கு ஒரு கேள்வி, கணிதத் துறை மேடத்துக்கு ஒன்று. எனக்குப் பதில்கள் மனப்பாடம். முன்வரிசையில் பிரின்சிபால் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஹனீஃபா பாய் உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் அம்மா, அரக்கு நிறப் பட்டுப்புடவையில், மடியில் லட்டு டப்பாவோடு.

எல்லாம் எழுதிவைத்தபடி நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே, "வேற யாராவது?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். ஹனீஃபா பாய் எழுந்தார்.

"எனக்குக் கேள்வியெல்லாம் கேக்கத் தெரியாதுங்க. நன்றி சொல்லணும். பொங்கல் கழிச்சு சார் இந்த மெஷினை நம்ம பட்டறைக் கம்ப்யூட்டர்லயே போட்டுக் குடுத்தாரு. மாஷா அல்லாஹ், அதுலேருந்து ஒரு ரிஜெக்ட் கூட இல்லைங்க. வீரமலை இருந்தப்ப பத்து ஃபிலிம் குடுத்தா ரெண்டைத் திருப்பி அனுப்பிருவாரு. பசங்க வாய்க்கு வந்தபடி திட்டுவானுங்க. இப்ப எல்லாமே ஓகே, ஓகேன்னுதான் வருது. வீரமலையையும் நிறுத்திட்டேன். தங்கச்சி நல்லா இருக்கணும்."

சபை கைதட்டியது. அம்மாவும் தட்டினாள். எக்ஸாமினர், "இதுதான் ஆராய்ச்சி! சமுதாயத்துக்குப் போய்ச் சேரணும்" என்றார்.

புது ஃபிலிமில் மஞ்சள் பென்சில் ஏது? தடம் இல்லாவிட்டால் அந்த மெஷினுக்கு எல்லாமே நல்லதுதான். என் உள்ளங்கையை ஸ்கேன் செய்து கொடுத்தாலும் ஓகே என்றுதான் சொல்லும். சாரைப் பார்த்தேன். பேப்பரில் இருக்கிற மெஷின் என்று சொன்ன மனிதர் வாட்ச் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேஜையில் படிவம் இருந்தது. அதில் அந்தப் பேனா ஒரு கோடு இழுத்தால் ஏழு வருஷம் முடிந்துவிடும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருக்கத்தான் ஆசைப்பட்டேன், சத்தியமாக.

"பாய்," என்றேன். "அந்த மெஷினை நிறுத்திருங்க. அதுக்கு விரிசல் தெரியாது. வீரமலை போட்ட பென்சில் தடத்தைப் பாத்துத்தான் பழுதுன்னு சொல்லுது. தடம் இல்லைன்னா எல்லாத்தையும் நல்லதுன்னு சொல்லும்."

சார் அவசரமாக எழுந்து, மாணவி இன்னும் மேம்படுத்த வாய்ப்பிருப்பதைத்தான் அடக்கத்தோடு சொல்கிறார் என்றார். எக்ஸாமினருக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "நேர்மையான பதில். இதை லிமிடேஷன்னு ஒரு பாரா சேத்திரும்மா, அது போதும்" என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். உண்மையையும் சொல்லியாகிவிட்டது, பட்டமும் கிடைக்கப்போகிறது. கரும்பு தின்னக் கூலி. ஆனால் பாய் உட்காரவில்லை.

"அப்ப, வெளிய போன பாய்லரெல்லாம்?"

"எங்கெல்லாம் போயிருக்கு பாய்?"

"லால்குடி பக்கம் ரெண்டு கல்யாண மண்டபத்துக்கு. அப்புறம்…" பிரின்சிபாலைப் பார்த்தார். "உங்க ஹாஸ்டல் கிச்சனுக்கு ஒண்ணு. சார்தான் சிபாரிசு பண்ணாரு. போன மாசம்தான் மாட்டுனோம்."

பிரின்சிபால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப ஓடுதா அது?"

"ஓடுது சார்," என்றான் பிரவீன்ராஜ். "அறிவுமதி அக்கா வைவா சாப்பாடே அதுலதான் வேகுது."

அதன் பிறகு அந்தச் சபையில் யாரும் பாரா சேர்ப்பதைப் பற்றிப் பேசவில்லை. சார் மட்டும், "பதட்டப்பட ஒண்ணுமில்ல. சாப்பாடு முடியட்டும், பொறுமையா ஆளை விட்டுப் பாக்கலாம்" என்றார். பிரின்சிபால் சாரைப் பார்த்தார், சார் பிரின்சிபாலைப் பார்த்தார். ஒருவர் முடிவெடுக்க மற்றவர் காத்திருந்தார். நான் மேடையை விட்டு இறங்கினேன்.

"இரும்மா," என்றார் எக்ஸாமினர். "ஆள் இல்லாம எப்படி முடிவைச் சொல்றது? ஒரு அஞ்சு நிமிஷம் நில்லு, கையெழுத்துப் போட்டுர்றேன்."

எனக்கும் பாய்க்கும் ஹாஸ்டல் வரை ஓட்டம்தான். புடவை தடுக்கிற்று. சமையல்காரர், "அரிசி பாதிதான் வெந்திருக்கு, இப்பப் போய் அணைக்கச் சொல்றீங்களே" என்று கத்தினார். பாய் அவரைத் தள்ளிவிட்டு கேஸை மூடினார், நீராவியைத் திறந்துவிட்டார். உதவிக்கு நின்ற பெண்களை நான் வெளியே கூட்டிவந்தேன். சத்தம் அடங்கியதும் பாய் உள்ளே போய், பற்றவைத்த இடத்தை நின்று பார்த்தார். விரல் வைத்துத் தடவுகிற மாதிரி கையைக் கொண்டுபோய், சூடு தாங்காமல் எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. உள்ளே விரிசல் இருந்ததோ இல்லையோ, எங்கள் இருவருக்கும் தெரியாது.

"நான் என் பசங்க கைதான் தேறிருச்சுன்னு நெனச்சேன்மா," என்றார். மண்டபங்களுக்குப் போன் போட்டார். பிறகு வீரமலைக்குப் போட்டு, "கோவிச்சுக்காம வாங்க அண்ணே" என்றார்.

நான் திரும்பி வந்தபோது எக்ஸாமினர் ரயிலுக்குப் போய்விட்டார். படிவம் மேஜையிலேயே வெறுமையாகக் கிடந்தது. சாரிடமிருந்து வாட்ஸ்அப் வந்திருந்தது: 'திங்கள் காலை லேபுக்கு வரவும். முதலிலிருந்து ஆரம்பிப்போம்.' அதைப் படித்ததும் படியில் உட்கார்ந்து அழுதேன். செய்தது சரி என்று தெரிந்தது. அதனால் அழுகை ஒன்றும் குறையவில்லை.

அம்மா லட்டு டப்பாவோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆயிருச்சா?"

"இல்லம்மா."

"எப்ப ஆகும்?"

"தெரியலம்மா."

அம்மா டப்பாவைப் படியில் வைத்தாள். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரி எந்திரி. காலைலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. மொதல்ல வந்து சாப்பிடு" என்றாள்.

"சாப்பாடு இல்லம்மா," என்றேன். "அடுப்பை நான்தான் அணைக்கச் சொன்னேன்."