மெட்டுகளின் இடைவெளி

புருஷன் கிறகோரி தான் செய்த புதுக் கிற்றாரை மடியில் வைத்ததும் கத்தரீனா முதலில் சின்ன விரலைத்தான் நீட்டிப் பார்த்தாள். கெளிற்று மீனின் முள் குத்திச் சீழ்பிடித்து, பிறகு நிமிராமலே போன விரல். அது கழுத்தில் குறுக்கே பதித்த மூன்றாம் மெட்டுக் கம்பியை நோவில்லாமல் எட்டியது. தம்பி வின்சன்ற் கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பெரிய கிற்றாரில் அந்த எட்டல் முடியாமல் போனபின் அவள் வாசிக்கவேயில்லை. வீட்டில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கறி கொதித்தது, பிள்ளை வளர்ந்தது. அவள்தான் தனக்குள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு, அதன் வாசலை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கிறகோரி குருநகர்க் கரையில் வள்ளம் கட்டும் ஓடாவி. பெரியதைப் பார்த்துத் தந்தியின் நீளத்தை நாலு விரற்கடை குறைத்துச் செய்திருந்தான். அதே சுருதியில் கூட்டியும் தந்திகள் தளர்வாக, விரலுக்கடியில் மெத்தென்று வளைந்தன. அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கை கழுத்தில் மேலேறி உடம்புப் பக்கம் போகப்போகச் சுரம் பிசகியது.

வின்சன்ற் சிரித்துவிட்டான். "மச்சான், வள்ளத்துக்கு நரம்பு கட்டினனியளோ?"

"நீ வாயைப் பொத்தடா" என்றாள் கத்தரீனா.

கிறகோரி அவளையே பார்த்தான். "சரியில்லையோ?"

இந்த வீட்டில் கதவு எங்கே, அடுப்பு எங்கே, கட்டில் எங்கே என்று அவன்தான் அளந்து வைத்தவன். நல்லாயிருக்கு என்று சொன்னால் அவன் மகிழ்வான். அவளோ சாகும்வரை கழுத்தின் நுனியில் மூன்று மெட்டுகளுக்குள் வாசித்துக்கொண்டிருப்பாள்.

"இல்லை" என்றாள். "ஒவ்வொரு இடைவெளியிலையும் எவ்வளவு குறைச்சனீங்கள்?"

"எல்லாத்திலையும் ஒரு நெல்லுக் கனம். வள்ளத்தைச் சின்னனாக்கிறதெண்டா அப்பிடித்தான்."

"இது அப்பிடியில்லை. தலைப்பக்கம் இடைவெளி அகலம், உடம்புப் பக்கம் ஒடுக்கம். அகலத்திலை கூடுதலா எடுக்கவேணும், ஒடுக்கத்திலை குறைவா."

"எவ்வளவு எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. காதாலை கேட்டாத் தெரியும்."

அவன் எழுந்து வெளியே போனான். இனி அதைத் தொடமாட்டான் என்று அவள் நினைத்தாள். குறடோடும் பென்சிலோடும் திரும்பி வந்தான். மெட்டுகளாகப் பதித்திருந்த பித்தளைக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். வின்சன்ற் மெல்ல எழுந்து போய்விட்டான்.

அவள் பெரிய கிற்றாரின் முதல் மெட்டை அழுத்தி மீட்டினாள். அவன் புதியதில் ஒரு துண்டுக் கம்பியைத் தந்திக்கடியில் செருகினான். அவள் மீட்டிப் பார்த்தாள்.

"இஞ்சையோ?"

"இன்னும் கொஞ்சம்."

"கொஞ்சமெண்டா எவ்வளவு?"

"தள்ளுங்கோவன்."

அவன் நகத்தால் தள்ளினான். கலியாணமாகி இத்தனை காலத்தில், எதை எங்கே வைப்பது என்று அவன் அவளைக் கேட்டது இதுதான் முதல்முறை. அந்த நினைப்பு பயமாகவும் இருந்தது. பிழைத்தால் இனி அது அவளுடைய பிழை.

மீண்டும் மீட்டினாள். குறியிட நீட்டிய பென்சில் முனை மரத்துக்கு மேலே அசையாமல் நின்றது. கிறகோரி அவளுடைய சொல்லுக்காகக் காத்திருந்தான். கண்ணை மூடியிருந்த அவளுடைய விரலடியில் தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.