துருவாயனின் கரகரப்பு பற்றி ஒரு திருத்தம்

1

கார்ட்டூன் பார்க்கும் மனிதர்களை முறையாக வகைப்படுத்திய முதல் ஆள் நான். செடிகொடிகளை வகைப்படுத்த ஆள் வந்தார்கள், நட்சத்திரங்களுக்கும் வந்தார்கள். இந்தத் துறை மட்டும் எனக்காகக் காத்திருந்தது. முதல் வகை, ஆரம்பப் பாட்டு மட்டும் ஞாபகம் இருப்பவர்கள். இரண்டாம் வகை, "அப்ப வந்த மாதிரி இப்ப எங்கே வருது" என்று இருபது வயதிலேயே பெருமூச்சு விடுபவர்கள். மூன்றாம் வகை, வில்லனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் (நான்). நான்காம் வகைதான் இருப்பதிலேயே கேவலம்: கடைசி எபிசோடை மட்டும் பார்க்காமல் வைத்திருப்பவர்கள். பார்க்காவிட்டால் முடியாதாம்! கல்லூரிப் பத்திரிகையில் இவர்களை வைத்து ஒரு முழுப் பக்கம் சிரித்திருக்கிறேன்.

இந்தக் கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இது கதையே இல்லை. எங்கள் பத்திரிகையில் தவறு வந்தால், எழுதியவனே அடுத்த இதழின் கடைசிப் பக்கத்துக்கு நான்கு வரியில் திருத்தம் எழுதித் தர வேண்டும். எடிட்டர் அக்கா இதில் படு கறார். என் கட்டுரை ஒன்றில் தவறு இருக்கிறது. நான்கு வரிதான். ஆனால் நான் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, மடியில் லேப்டாப்போடு. உள்ளே அப்பா. தொண்டையில் ஆபரேஷன். அதனால் நான்கு வரி நான்கு வரியில் நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 'சென்ற ஆண்டு இதழில் வெளியான "துருவாயன்: கரகரப்பின் கலை" என்ற கட்டுரையில்,'

வேண்டாம். துருவாயன் யாரென்றே தெரியாத பாவப்பட்டவர்களும் படிப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: ஒரு மணிக்கூண்டில் மூன்று அணில்கள் இருந்தன. கடிகாரத்தின் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தின்ன வரும் இரும்புப் பூதம் ஒன்றும் இருந்தது. அதுதான் துருவாயன். எங்கேயோ வரைந்த படம், பேச்சு மட்டும் தமிழில். எனக்கு ஐந்து வயதில் தினமும் மாலை ஐந்தரைக்கு வரும். ஐந்து முப்பத்தைந்துக்கு நான் வாஷிங்மெஷினுக்குப் பின்னால் இருப்பேன்.

துருவாயன் கத்தமாட்டான். அதுதான் பயம். வீட்டு ஆள் மாதிரி தணிந்த குரலில், "சத்தம் போடாம உக்காந்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பான்.

வீட்டு ஆள்தான். அப்பா டப்பிங் கலைஞர். துருவாயனுக்குப் பேசியது அவர். அம்மாதான் வாஷிங்மெஷின் இடுக்கில் குனிந்து, என் பயம் தெளியட்டும் என்ற நல்ல எண்ணத்தில், "அடேய், அது உங்க அப்பாடா!" என்று சொன்னாள்.*

* இதை ஆறுதல் என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். அன்று அப்பா வேலை முடிந்து வந்தபோது நான் கதவைத் திறக்கவில்லை. "யாரு?" என்றேன். "அப்பாடா" என்றார். "துருவாயனும் அப்படித்தான் சொல்லும்" என்றேன்.

3

பதினான்கு வருஷம் கழித்து அதே கார்ட்டூன் புதிதாக வந்தது. அதே அணில்கள், கொஞ்சம் பளபளப்பாக. அதே அப்பா. எட்டாவது எபிசோடிலிருந்து குரல் மட்டும் மாறியது, அடியில் மணல் அரைபடுவது போல. நான் எழுதினேன்: 'துருப்பிடித்துக் களைத்துப்போன ஒரு பூதத்தின் முதுமையைத் தொண்டையிலேயே செதுக்கியிருக்கிறார் இக்கலைஞர். இது தற்செயல் அல்ல, தீர்மானம்.'

அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து அதை இரண்டு தடவை படித்தார்.

"நான் தீர்மானமெல்லாம் பண்ணலடா. காலைல எந்திரிச்சா இப்படித்தான் வருது."

"அதான்ப்பா கலை. தெரியாமலே வர்றது."

(இந்தப் பதிலை அடைப்புக்குறிக்குள் போட்டு மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். மறையவில்லை.)

ஸ்டுடியோவில் என் கட்டுரையை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். சவுண்ட் இன்ஜினியர், "அண்ணே, வெந்நீர், தேன்னு எதையாவது குடிச்சு இதைக் கெடுத்துறாதீங்க. இந்தக் கரகரப்புதான் நமக்கு வேணும்" என்று கெஞ்சினாராம். அப்பா வெந்நீரை விட்டார்.

அம்மா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். மயிரிழைக் கீறலையும் விடமாட்டாள். "என்னங்க, மூணு வாரமா குரல் சரியில்ல. ஒரு டாக்டரைப் பாருங்க."

"உன் பையன் என்ன எழுதியிருக்கான் பாரு" என்று அப்பா பத்திரிகையை எடுத்துக் காட்டினார். அம்மா சொன்னபோதெல்லாம் காட்டினார். எட்டு மாதம் காட்டினார்.

பிறகு ஒருநாள் எச்சிலில் ரத்தம் வந்தது.

"கரகரப்பு எவ்வளவு நாளா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"எட்டாவது எபிசோட்லேர்ந்து டாக்டர்" என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பவே வந்திருந்தா," என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இந்த டாக்டர் பாத்திரம் எனக்குத் திருப்தியாக இல்லை. கதையில் வருகிற டாக்டர் என்றால் வாக்கியத்தை முடித்திருப்பார். நானும் அழுதிருப்பேன், அத்தியாயமும் முடிந்திருக்கும். இவர் பாதியில் விட்டதால் மீதியைத் தினமும் நான் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பல் தேய்க்கும்போது ஒன்று, பஸ்ஸில் ஒன்று.

4

குரல்வளையைப் பாதி எடுத்தால் போதுமா, முழுசாக எடுக்கணுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியுமாம். அதனால் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: வீட்டில் தினமும் பேசுகிற நூறு வாக்கியங்களை முன்கூட்டியே பதிவு செய்து வையுங்கள். குரல் போய்விட்டால் போனில் ஒரு பட்டனை அமுக்கி அவர் பேசலாம்.

ஸ்கிரிப்ட் நான் எழுதினேன். சாப்பிட்டியா. கதவைச் சாத்து. வண்டி சாவி எங்கே. என் வாழ்க்கையில் இவ்வளவு மோசமான வசனம் எழுதியதில்லை.

ஸ்டுடியோவில் அப்பா மைக் முன்னால் நின்று, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடித் தடுப்பு வழியாக என்னைப் பார்த்தார்.

"எந்தக் கேரக்டர்டா?"

"நீங்கதான்ப்பா."

"சரி. வயசு?"

"அம்பத்தாறு."

"மூட்?"

"சும்மா வீட்டுல இருக்கீங்க."

அவர் பேசினார். அவர் வாயிலிருந்து ஒரு செய்தி வாசிப்பவர் 'சாப்பிட்டியா' என்று கேட்டார். "அப்பா, இது நீங்க இல்ல" என்றேன். அடுத்த டேக்கில் சிமென்ட் விளம்பரம் கேட்டது. அதற்கடுத்தது ஏதோ ஒரு சீரியல் மாமனார். பதினோரு டேக். முப்பது வருஷமாக மைக் முன்னால் நின்றவர் ஒருமுறைகூடத் தானாகப் பேசியதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் விளம்பரக் குரலிலேயே நூறையும் முடித்தார்.

வெளியே வந்து படியிறங்கும்போது, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடா. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு" என்றார்.

அது அவர் குரல். போன் என் பையில் இருந்தது. எடுத்து, ரெக்கார்ட் பட்டனை

எடுக்கவில்லை.

5

முடிவுகள். வாசகருக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளலாம்.

அ) பாதி. அப்பா கிசுகிசுத்துப் பேசுவார். துருவாயனுக்கு வேறு ஆளைப் போடுவார்கள். சோபாவில் உட்கார்ந்து, "இவனெல்லாம் ஒரு பூதமா" என்று அப்பா கிசுகிசுப்பார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

ஆ) முழுசு. கழுத்தில் ஓட்டை. இனி எங்கள் வீட்டில் ஒரு சிமென்ட் விளம்பரம் கதவைச் சாத்தச் சொல்லும். நூறு வாக்கியம். நூற்றியோராவதாக அவருக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால், அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன்.

இ) டாக்டர் வெளியே வந்து, மாஸ்க்கைக் கழற்றி,

இ) முடிவை அழித்தேன். விரல் அதையே திரும்ப அடிக்கிறது. மறுபடி அழித்தேன்.

6

நான்கு மணிநேரம் என்றார்கள். ஐந்தே கால் மணிநேரம் ஆகிவிட்டது.

"என்னடா தட்டிக்கிட்டே இருக்க?" என்கிறாள் அம்மா. அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு தூசு இல்லை.

"திருத்தம்மா."

"நாலு வரின்னு சொன்ன?"

"ஒரு வரி வரமாட்டேங்குது."

அவள் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு, "நீ எழுதலன்னாலும் அவர் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டாரு. ஊசின்னா ஓடுற மனுஷன்" என்றாள்.

உண்மையா, எனக்காகச் சொன்னதா? கேட்கப் பயமாக இருக்கிறது.

சரி. 'திருத்தம்: மேற்படி கட்டுரையில் "தீர்மானம்" என்று வந்துள்ள இடத்தில் "நோய்" என்று திருத்திப் படிக்கவும். கட்டுரையாளருக்கு எதுவும் தெரியாது. தெரிந்தது போல எழுதிவிட்டார்.' மூன்று வரி ஆயிற்று. நான்காவதாக 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று போடுவது வழக்கம். எடிட்டர் அக்கா எதற்கு வருந்த வேண்டும்?

தியேட்டர் கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. அம்மா எழுந்துவிட்டாள்.

"டேய், எந்திரி. டாக்டர் வர்றாரு."

"வரேம்மா. இந்த வாக்கியத்தை முடிச்சுட்டு."

ரப்பர் செருப்புச் சத்தம் கிட்டே வருகிறது. நிற்கிறது. அவர் அம்மாவிடம் ஏதோ சொல்ல ஆரம்பிக்கிறார். தலையைத் தூக்கினால் முகம் தெரியும். நீங்கள் பாருங்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. அணில்களைப் பற்றி நான் சரியாகவே சொல்லவில்லை. மூத்த அணிலுக்கு வால் சாம்பல் நிறம், நுனியில் கொஞ்சம் வெள்ளை. நடு அணிலுக்கு ஒரு காது மடிந்திருக்கும், ஓடும்போது மட்டும் நிமிரும். மூன்றாவது அணில், அது எப்போதும் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் வரும், அதன் வால், பொறுங்கள், அதன் வால்