மகளின் நம்பர்

காரியாபட்டி சந்தையில் மிளகாய் வத்தல் மூடைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. புது நம்பர். எடுத்ததும் ஒரு ஆம்பளைக் குரல், "தங்கமாரி இருக்காங்களா?" என்றது.

தங்கமாரி என் மகள். அவளைப் பேர் சொல்லிக் கேட்கிறவனுக்கு என் போனில் என்ன வேலை? வத்தல் நெடியில் தும்மித் தும்மி ஏற்கெனவே கண்ணெல்லாம் எரிச்சல். "யார்றா நீ? ஒனக்கு அக்கா தங்கச்சி இல்லையா? இன்னொரு வாட்டி போன் போட்டே, தோலை உரிச்சுப்புடுவேன்" என்று விளாசிவிட்டேன். அவன் என்னமோ சொல்ல வந்தான். நான் காது கொடுத்தால்தானே.

கட் பண்ணிய கையோடு மகளுக்குப் போட்டேன். "ஒருத்தன் ஒம்பேரச் சொல்லிக் கேட்டான் பாப்பா. கிழிச்சு விட்டுட்டேன்" என்றேன், பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி.

மெதுவாகச் சொன்னாள். "மெட்ராஸ் கம்பெனிப்பா. பதினோரு மணிக்குப் போன்லயே இன்டர்வியூ. காலைலருந்து போனக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"ஒன் நம்பரக் குடுத்திருக்க வேண்டியதுதான?"

"எழுதுனத நீங்கதானப்பா அடிக்கச் சொன்னீங்க."

அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். எங்கள் பக்கம் பொம்பளப்பிள்ளை நம்பரை வெளியே எழுதுகிற வழக்கமே கிடையாது. காலேஜ் ஃபாரமோ ரேஷன் கார்டோ, அப்பன் நம்பர், இல்லையென்றால் அண்ணன் நம்பர். இந்தக் கம்பெனி ஃபாரத்தில் அவள் முதலில் தன் நம்பரைத்தான் எழுதினாள். பக்கத்தில் நின்று அதை அடிக்க வைத்து என் நம்பரை எழுத வைத்த புத்திசாலி நான்தான். அருப்புக்கோட்டையில் அவள் கம்ப்யூட்டர் படித்த வகுப்பில் பாதிக்குப் பாதி பெண்கள். மார்க்கிலும் அவர்கள்தான் முன்னால். முடித்து ஒரு வருடம் ஆகிறது. பையன்கள் எல்லாம் சென்னை, பெங்களூரு என்று போய்விட்டார்கள். பெண்களில் வேலைக்குப் போனது ரெண்டே பேர். மற்றவர்கள் வீட்டில் கல்யாணம் முடிந்திருக்கிறது, அல்லது ஜாதகம் எடுத்திருக்கிறார்கள். "படிக்க மட்டும் வச்சீக, அனுப்புறதுக்கு மனசு வரல" என்று என் வீட்டுக்காரி அழகுத்தாய் ஆறு மாதம் சண்டை போட்ட பிறகு நான் தலையாட்டிய முதல் கம்பெனி இது. கிடைக்கவில்லையென்றால் தையில் கல்யாணம் என்றும் சொல்லியிருந்தேன். இப்போது அந்த வேலையையும் என் வாயாலேயே கெடுத்தாயிற்று.

அந்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை. சட்டையெல்லாம் வேர்த்து ஒட்டிக்கொண்டது. நாலாவது தடவை எடுத்தான்.

"சார், முன்னாடி வஞ்சது நாந்தான். அந்தப் பிள்ளையோட அப்பா. எவனோ வம்புக்காரன்னு நெனச்சுப்புட்டேன். எவ்வாயில வசம்ப வச்சுத் தேய்க்க. தப்பு எம்மேலதான் சார், பிள்ள மேல இல்ல."

"அவங்களுக்கு வேலைக்கு வர விருப்பமில்லைன்னு எழுதப் போனேன் சார்."

"எழுதிராதீக சார். அவளுக்கு வேற நெனப்பே இல்ல."

"சரி, அவங்க நம்பரைச் சொல்லுங்க" என்றான்.

என் நம்பர்கூட எனக்குச் சட்டென்று வராது, அவள் நம்பர் மனப்பாடம். சொன்னேன். பக்கத்தில் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான். "கேக்கல சார், சத்தமா" என்றான் போனில் இருந்தவன். நட்டநடுச் சந்தையில் நின்று, ஊர் பேர் தெரியாத ஒரு ஆம்பளைக்கு, என் மகள் நம்பரை ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னேன். கடைசி நாலு எண்ணை ரெண்டு தடவை.

கமிஷன் கடை ஜெயக்குமார் தராசை விட்டுவிட்டு என்னையே பார்த்தான். "யாருக்குண்ணே பாப்பா நம்பரக் குடுக்கீக?"

"வேலை குடுக்கிறவருக்கு" என்றேன்.

பத்து நிமிடம் பொறுத்து அவளுக்கு அடித்துப் பார்த்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ரெக்கார்டில் ஒரு பெண் சொன்னாள். இடைஞ்சலாகிவிடக் கூடாதே என்று உடனே கட் பண்ணினேன். அப்பாடா என்றிருந்தது. நேற்று வரைக்கும் அவள் போன் அஞ்சு நிமிடம் பிஸியாக இருந்தால் யாரோடு பேச்சு என்று வீட்டில் குதிகுதியென்று குதித்தவன் நான்.

மூடையெல்லாம் இறக்கியாயிற்று. கிளம்ப மனமில்லாமல் வெறும் வண்டியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து இன்னொரு தடவை அடித்தேன். அந்தப் பெண் அதையே சொன்னாள்.

"இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கா" என்றேன் ஜெயக்குமாரிடம், அவன் கேட்காமலே.