பசை படாத ஓடுகள்

கனடாவின் விட்பியில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த லொரேனின் பானையை, பத்திரமாக உயரத்தில் வைக்கப்போய் உடைத்துவிட்டேன். நான் பத்திரப்படுத்திய பொருட்களின் கதை எப்போதும் இப்படித்தான் முடியும்.

லொரேன் நியூ மெக்சிகோவின் சூனி பழங்குடியினத்தவர், மட்பாண்டக் கலைஞர். என் மனைவி எமில்டாவின் களிமண் வகுப்பில் பேச வந்திருந்தார். பானை, காலமாகிவிட்ட அவருடைய தாய் செய்தது. சூனி மக்களிடையே பானை செய்பவர்கள் அருகிப்போயிருந்த காலத்தில், பள்ளிக்கூட வகுப்பில் பழகி, அருங்காட்சியகத்துப் பழைய பானைகளைப் பார்த்துப் பார்த்து அந்தத் தாய் வரைந்த மான் அதில் இருந்தது. வாயிலிருந்து இதயம்வரை சிவப்புக் கோடு ஓடும் மான். இப்போது வாய் ஃபிரிட்ஜுக்குக் கீழே. இதயம் என் செருப்புக்குப் பக்கத்தில்.

லொரேன் குளித்துக்கொண்டிருந்தார். நான் சூப்பர் குளூவை எடுத்தேன்.

"உதைக் கீழ வையுங்கோ. செய்ததே காணும்," என்றாள் எமில்டா.

"ஒட்டினா தெரியாது."

"என்ர கண்ணாடியையும் உப்பிடித்தான் ஒட்டினனீங்கள். இப்ப மடிக்கேலாமக் கிடக்கு."

வாயும் கழுத்தும் ஒட்டின. கூடவே என் விரல்தோல் கொஞ்சமும். அதற்குள் லொரேன் வந்துவிட்டார். தரையில் அமர்ந்து ஓடுகளைப் பொறுக்கினார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழும்தான்.

"எல்லாவற்றிலும் பசை பூசிவிட்டீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இரண்டில் மட்டும், என்றேன். நான் அரைகுறையாக விட்ட வேலைக்காக ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது அன்றுதான்.

உடைந்த பானையை இடித்துப் புதுமண்ணோடு குழைத்தால், சுடும்போது புதுப் பானை வெடிக்காதாம். லொரேனின் அம்மாவும் தனக்கு முந்தியவர்களின் ஓடுகளை இந்தப் பானை மண்ணுக்குள் குழைத்திருந்தாராம். பசை பட்டது மட்டும் மண்ணுக்கு ஆகாது.

இடிக்க ஏதாவது இருக்கிறதா என்றார். எமில்டா எங்கள் சின்ன உரலைத் தயங்கித் தயங்கி எடுத்தாள்.

"எவ்வளவு கழுவினாலும் மிளகாய் மணக்குமே. சொல்லுங்கோ அவவுக்கு."

சொன்னேன். லொரேன் சிரித்தார். தன் அம்மாவுக்கும் மிளகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காதாம்.

இடித்தேன். மானின் இதயம் இருந்த ஓட்டுத்துண்டை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். லொரேன் கவனித்துவிட்டார். அதை உள்ளங்கையில் சற்றுநேரம் பொத்தி வைத்திருந்தார். பிறகு உரலுக்குள் இட்டு, உலக்கையை என்னிடமே நீட்டினார்.

"இதையாவது ஒழுங்காய் இடியுங்கோ," என்றாள் எமில்டா.

இடித்தேன்.