பதுங்குகுழியும் பத்தரை மணியும்

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் மகள் ஓவியா அமெரிக்க ராணுவத்தில் சேரக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்கு முன் நான் ஒரு நாவலிலிருந்து ஓர் அத்தியாயம் வாசிக்க, கேட்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

"ஒன் சாப்டர், மா. அப்புறம் அழக்கூடாது, ஓகே?"

பதுங்குகுழிச் சேற்றில் மாதக்கணக்கில் கிடக்கும் கிரேக்கச் சிப்பாய்களின் கதை அது. போரே வேண்டாம் என்று எழுதியது. எங்கள் ஊர் இர்விங் நூலகத்தில் எடுத்து நான் இருமுறை படித்துவிட்டேன். என் பேச்சு அவளிடம் எடுபடவில்லை. அந்தச் சிப்பாய்கள் பேசிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

தோசை வார்த்து எடுத்து வந்தால், என் கணவர் வெங்கடாசலம் பேசி முடித்து ஃபோனைக் கீழே வைத்தார். பத்தரைக்கு மேல் ராகு காலமாம். ஆள் சேர்க்கும் சார்ஜென்டை அழைத்து நேரத்தை மாற்றியிருக்கிறார். அந்த மனிதர் சந்தோஷமாகப் பத்து மணிக்கே வரச் சொல்லிவிட்டார்.

"ஏனுங்க, போகவே வேண்டாங்கறேன். நீங்க நல்ல நேரம் பார்த்து அனுப்பறீங்களா?"

"போறதுன்னு ஆயிப்போச்சு பாக்கியம். நல்ல நேரத்துல போகட்டுமே."

தோசை தட்டிலேயே கிடந்தது. காரின் பின்சீட்டில் அவளருகே உட்கார்ந்து வாசித்தேன். ஃப்ரீவேயில் வண்டிகள் நகரவில்லை. ஓவியாவின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. தீவிலிருந்து வந்த சிப்பாய் ஒருவன் ஈரச் சாக்ஸை வயிற்றில் கட்டிக் காய வைக்கிறான். அது காய்ந்ததும், இரவுக் காவலுக்குப் போகும் நண்பன் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறான்.

அலுவலக வாசலில் வண்டி நின்றபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. கணவர் கதவுகளைப் பூட்டினார்.

"பன்னெண்டு வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது."

"அப்பா! ஆர் யூ சீரியஸ்?"

நான் நிறுத்தவில்லை. விடிகிறது. நண்பன் திரும்பவில்லை. தீவுக்காரன் வெறுங்காலோடு ஒவ்வொருவரிடமும் போய்ச் சாக்ஸைக் கேட்கிறான். நண்பனைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஓவியாவின் கால் ஆடுவது நின்றிருந்தது.

சார்ஜென்ட் வெளியே வந்து, சிரித்தபடி கண்ணாடியைத் தட்டினார். அவள் கண்ணாடியை இறக்கினாள். ஒரு நிமிடம் அவர் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திங்கட்கிழமை வரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கி, சரி என்று உள்ளே போனார்.

கணவர் உடனே ஃபோனை எடுத்தார். "திங்கக்கெழமை ராகு காலம் ஏழரைலிருந்து..."

"அதைக் கீழ வைங்க," என்றேன்.

"சாக்ஸ் கிடைச்சுதா, மா?" என்றாள் ஓவியா.

"அது அடுத்த சாப்டர்ல."

"படி."

அவள் கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது. நான் பக்கத்தைப் புரட்டினேன்.