நீலம் வராத குழாய்

அப்பாதுரை போட்ட இரண்டாவது போரில் தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. அறுநூறு அடி இறக்கியும் வெறும் பாறைத் தூள். அன்று மதியமே மதில் சுவருக்கு இந்தப் பக்கம், அவருடைய தம்பி பெண்டாட்டி துளசி வீட்டுக் குழாயில் தண்ணீர் அரிசி களைந்தது போல வெள்ளையாகக் கொட்டியது. விரலில் தேய்த்துப் பார்த்தாள், நறநறவென்றது. மறுநாள் தெளிந்துவிட்டது, அவளும் மறந்துவிட்டாள். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் பொங்கிப் போடுகிற மெஸ்காரிக்கு அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க ஏது நேரம்?

மகானுபாவர் அந்தக் காய்ந்த போருக்குள் தன் வீட்டுக் கக்கூஸ் குழாயையும் பாத்ரூம் குழாயையும் சொருகியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடுகிற தொல்லை இனி இல்லை என்று தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார். துளசி போய்க் கெஞ்சினாள். அன்றைக்குத் தூள் வந்த வழியில் இதுவும் வரும் மாமா, என் அடுப்பில் உலை வைக்கிற தண்ணீர் மாமா என்றாள்.

"பாறமா அது. உளி எறங்காத பாற. அதுல என்னா வரும்?" என்றார் அவர்.

பாறை என்றால் ஒரே கட்டிக் கல்லா என்ன? உள்ளே வெடிப்பு ஓடும், ஒரு வெடிப்பு போய் இன்னொன்றில் முட்டும், தண்ணீர் அதற்குள் நடமாடும். துளசியின் போரே அப்படி ஒரு வெடிப்பை நம்பித்தான் ஊறிக்கொண்டிருந்தது. இவர் போர் அதே வெடிப்பைத்தான் தண்ணீர் இல்லாத மேட்டுப் பக்கமாகக் குடைந்திருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் மெஸ்ஸில் சாப்பிட்ட பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை. தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்ததில் மலக்கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். அப்பாதுரை அசரவில்லை. உன் வீட்டிலும்தான் செப்டிக் டேங்க் இருக்கிறது, அதைப் போய்ப் பார் என்று திருப்பிவிட்டார். துளசிக்குக் குமரன் என்று ஒரு புருஷன் இருந்தான். அண்ணன் எதிரில் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தெருக்காரர்களைக் கூட்டி, எல்லோர் கண்முன்னாலும் அப்பாதுரை வீட்டுக் கக்கூஸில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினாள். என் குழாயில் நீலம் வந்தால் இந்தப் போரை மூட வேண்டும், வராவிட்டால் நான் இனி வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளே வாக்குக் கொடுத்தாள்.

நீலம் வரவில்லை. ஒரு வாரம் குழாயடியே கதியென்று கிடந்தாள், வரவே இல்லை.

எப்படி வரும்? தண்ணீரில் கரைந்த சாயம் பாறையின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் எல்லாம் ஊறி ஊறி வழியிலேயே வெளுத்துப்போகும். தூளால் அப்படி ஊற முடியாது. வெடிப்பின் நடுவிலேயே அடித்துக்கொண்டு வந்து சேரும். மலக்கிருமியும் ஒரு தூள்தான், உயிருள்ள தூள். இது தெரிந்திருந்தால் அந்தப் பாவி மகள் நீலத்தை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தூளைக் கலக்கி ஊற்றியிருப்பாள். அவளுக்கு யார் சொன்னார்கள்?

அப்பாதுரை அவள் குழாயிலேயே ஒரு டம்ளர் பிடித்து, தெருக்காரர்கள் பார்க்கத் தூக்கிக் காட்டினார். பொறாமை பிடித்தவள், சமைக்கத் துப்பில்லாதவள் என்ற பேச்சு காலேஜ் வரைக்கும் போயிற்று. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாப்பிட வராமல் நின்றார்கள். பிழைப்பில் மண் விழுந்தது. குமரன் அண்ணனிடமே வீட்டை விற்றுவிட்டு, அவளை ஐயம்பேட்டையில் ஒரு வாடகை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த வீட்டைப் புதுப்பித்து மகனுக்குக் கொடுத்து, பால் காய்ச்ச நாள் குறித்தார் அப்பாதுரை. போகாவிட்டால் அதற்கும் பேச்சு வரும். துளசி ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினாள். விசேஷத்துக்காக அப்பாதுரை தன் வீட்டுத் தரையையும் பாலிஷ் போடச் சொல்லியிருந்தார். முதல் நாள் மிஷின் அரைத்த வெள்ளைக் கூழையெல்லாம் பாத்ரூம் வழியாகத்தான் கழுவித் தள்ளியிருந்தார்கள். வாசலில் அதைப் பேசிக்கொண்டது துளசி காதிலும் விழுந்தது.

பழைய மெஸ் சமையற்கட்டில் அவருடைய மருமகள் சத்யப்ரியா, குழந்தை அபிக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெள்ளையாக விழுந்தது. புதுக் குழாய், காற்று அடைத்திருக்கும், தெளிந்துவிடும் சித்தி என்றாள். துளசி பாட்டிலை வாங்கி மேடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். காற்றாக இருந்தால் மேலே போய்த் தெளியும். இது அடியில் போய்ப் படிந்தது. விரலை விட்டுத் தேய்த்தாள். நறநறவென்றது.

தேடித் தேடிக் கிடைக்காத சாட்சி, எல்லாம் போன பிறகு கையில் வந்து நிற்கிறது. அவள் கூப்பிட்டாள், உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். இது உங்கள் வீட்டுப் பாலிஷ் தண்ணீர் மாமா, குழந்தைக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்றாள். அப்பாதுரை கோபப்படவில்லை, சிரித்தார்.

"நீதானம்மா நீலம் ஊத்திக்கினு ஒரு வாரம் காத்துக்கினு இருந்த. தெருவே பாத்துது. அன்னிக்கு வராதது இன்னிக்கு எப்டி வரும்?"

குமரன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஊற்றிய நீலமே அந்தத் தண்ணீருக்குச் சான்றிதழாகிவிட்டது. வீடு போனதைவிட அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

எல்லோரும் பார்க்கட்டும் என்று அப்பாதுரை குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் நிறையப் பிடித்து, அண்ணாந்து குடித்தார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைத் துளசி பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை, தடுக்கத் தோன்றவும் இல்லை. குடிக்கட்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் சத்யப்ரியா முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை நீட்டியபோது, குழந்தையின் பாட்டிலை மட்டும் துளசி கொடுக்கவில்லை. அவர்கள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்க, வாசலுக்கு வந்து அதைத் தெருவில் கவிழ்த்தாள்.