கரண்டுப் பெட்டியின் பழுது

கோட்டாற்றில் சைபுதீனும் குலசேகரனும் கூட்டாக நடத்திய ரேடியோ கடையில் ஒரு கரண்டுப் பெட்டி இருந்தது. பேட்டரிக்குப் பதிலாக அதில் இணைத்துத்தான் பழுதான ரேடியோக்களைச் சோதிப்பார்கள். வரிசையாக மூன்று ரேடியோக்கள் ஊமையாகவே இருந்ததும் சைபுதீனுக்குப் பெட்டியின் மேல் சந்தேகம் வந்தது. மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கம்பியின் ஈயப்பற்று தளர்ந்திருந்தது. சூடேறியதும் கரண்டு நின்றுபோகும். அதைப் பற்றவைத்ததும் மூன்று ரேடியோவும் பாடின.

அதில் ஒன்று பூதப்பாண்டி பிச்சம்மாளுடையது. "யாரோ கீழ போட்டு உள்ள உடைஞ்சிருக்கு" என்று குலசேகரன் போன வாரம் அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தான். தூசி தட்டிய மருமகள் உலகம்மைதான் போட்டிருப்பாள் என்று பிச்சம்மாள் அவளைத் தாய்வீட்டுக்கு விரட்டிவிட்ட செய்தி கடைவரை வந்திருந்தது.

"நாம சரியாக்கினதாச் சொல்லிருவோம் மக்கா" என்றான் குலசேகரன்.

சைபுதீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நம்ம பெட்டி கெட்டதுக்கு ஒரு பொண்ணு பழி சுமக்கணுமா? ஒனக்கு வெக்கமா இல்லியாலே?"

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவனே பூதப்பாண்டிக்குப் போனான்.

"இதுல ஒரு கோளாறும் இல்லம்மா. ஒங்க பேட்டரி தீந்து போயிருக்கு, அவ்வளவுதான். கோளாறு எங்க பெட்டியில."

பிச்சம்மாள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.

"திட்டுங்க, எங்களுக்கு இது வேணும்தான். ஆனா நீங்களும் ஒரு வார்த்தை அந்தப் பிள்ளையிட்ட கேக்காம வெரட்டிட்டீங்களே" என்றான்.

பிச்சம்மாள் உலகம்மையின் தாய்வீட்டுக்குப் போக வண்டி கட்டச் சொன்னாள். "நீரும் ஏறும். எனக்கு அவ மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வராது."